தலைக்கு வந்தது வாலோடு

மாப்பிள்ளை மாட்டிய அலமாரி ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே காலுக்குக் கீழே வந்தது.

மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கூடத்துச் சுவரில், அம்மாவின் சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே அதை மாட்டியிருந்தார். கண்ணாடிக் கதவு போட்ட கனமான மர அலமாரி. உள்ளே பன்னிரண்டு பீங்கான் தட்டு, ஒரு டஜன் கண்ணாடித் தம்ளர், அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த கேடயம். எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை சிமெண்டு கனம் இருக்கும். பாதி மூட்டை என்று வைத்துக்கொண்டாலும் தலையில் விழுந்தால் போதும்.

அம்மா அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு இரண்டாவது டீ வேண்டும் என்று தோன்றி, அவர் கேட்காமலே எழுந்து சமையலறைக்குப் போனாள். சூடாறாத அந்த நாற்காலியில் ஆபீசர் ஏறிச் சுருண்டு படுத்தது. ஆபீசர் என்பது பூனை. தினமும் காலையில் சமையலறை, குளியலறை, பால்கனி என்று வரிசையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் எழுதாமல் போய்த் தூங்கிவிடும் என்பதால் வந்த பெயர்.

எதிரே செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த சின்னவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பூனை முன்னங்கால்மேல் மோவாயை வைத்துக் கண்ணை மூடியதைப் பார்த்தாள். சுவரில் ஏதோ பொடி உதிர்ந்ததைப் பார்த்தாள். அப்புறம் வீடே இடிந்த மாதிரி ஒரு சத்தம். அதற்கு நடுவில் ஓர் அலறல். கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ தரையோடு தரையாகப் பாய்ந்து படுக்கையறைக்குள் போய் மறைந்தது.

அதற்குப் பிறகு யார் யார் என்ன சொன்னார்கள் என்பது சின்னவளுக்கு இன்றைக்கும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

அக்கா சொன்னாள்: "ஐயோ, தட்டெல்லாம் போச்சே!"

அம்மா கையில் வடிகட்டியோடு ஓடி வந்து கேட்டாள்: "மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

மாப்பிள்ளை ஜன்னல் ஓரம் எட்டடி தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் மேல் ஒரு தூசிகூடப் படவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "பூனை தாவியிருக்கும்."

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இங்கே காக்கா உட்காரவே இல்லை. பனம்பழத்துக்கு அடியில் பாவம் தூங்கிக்கொண்டிருந்தது. பழி மட்டும் அதன்மேல்.

"தாவல அத்தான். தூங்கிட்டு இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றாள் சின்னவள்.

"நீ பேப்பர் படிச்சிட்டிருந்தம்மா."

வாதாட அவளுக்கு நேரமில்லை. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

சின்னவளுக்கு வயது நாற்பத்தொன்று. பல் செட் செய்யும் லேப் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, ரோஜா நிற மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். மயிரிழை தப்பினாலும் போட்டுக்கொள்கிறவரின் வாய் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எதையும் அவசரப்பட்டுத் தொடமாட்டாள். முதலில் பார்ப்பாள்.

கட்டிலுக்கு அடியில், மூலையில் இருந்த சூட்கேசுக்குப் பின்னால் இரண்டு கண்கள் மின்னின. கையை விட்டு இழுக்கவில்லை. எங்கே உடைந்திருக்கிறதோ, இழுத்தால் அங்கேயே இன்னும் உடையும். தரையில் கன்னம் வைத்துப் படுத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்தாள். வாயை மூடித்தான் மூச்சு விடுகிறது, நல்லது. இரண்டு கண்மணியும் ஒரே அளவு, நல்லது. தரையில் ரத்தம் இல்லை.

வெளியே கண்ணாடி பெருக்கும் சத்தம். "இந்த தட்டு மட்டும் தப்பிச்சிருக்கு பாருங்கம்மா" என்று அக்காவின் குரல். "போனா போகுது மாப்பிள்ளை, நீங்க வருத்தப்படாதீங்க" என்று அம்மாவின் குரல். ஆபீசர் எங்கே, இருக்கிறதா செத்ததா என்று ஒரு குரல் இல்லை.

கால் மணி நேரம் படுத்தே கிடந்தாள். கடைசியில் அது தானாக நகர்ந்து வந்தது. நாலு காலும் தரையில் ஊன்றியது. ஆனால் நடை சரியில்லை; பின்பக்கம் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. துண்டை மெதுவாகப் போர்த்தி மடியில் எடுத்துக்கொண்டாள்.

மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். உலகத்தில் எது தெரியாவிட்டாலும் ஈறின் நிறம் அவளுக்குத் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினாள், வெளுத்தது, விட்டாள், ஒன்று, இரண்டு என்பதற்குள் ரோஜா நிறம் திரும்பியது. உள்ளே ரத்தம் கசியவில்லை என்று கொஞ்சம் நம்பலாம். தலையைத் தடவினாள். தோள், விலா எலும்பு ஒவ்வொன்றாக. வலது காலையும் இடது காலையும் ஒப்பிட்டு, முட்டியை மடக்கி நீட்டி. வயிற்றை லேசாக. முதுகெலும்பு வழியே விரல் இறங்கி இடுப்புக்கு வந்ததும் ஆபீசர் உறுமியது.

வால் கீழே தொங்கியது. நுனியைக் கிள்ளினாள். ஆபீசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடக் கொஞ்சம் அழுத்திக் கிள்ளினாள். வேறு யாருடைய வாலோ என்பதுபோல் இருந்தது.

கூடத்துக்கு வந்தாள். "வால் செத்துப்போயிருக்கு. டாக்டர்கிட்ட போகணும்."

"அதான் ஓடுச்சே! ஓடற பூனைக்கு என்ன?" என்றார் அத்தான். "பூனைக்கு ஒம்பது உசுரும்மா. எங்க கடை வாட்ச்மேன் வீட்டுப் பூனை நாலாவது மாடிலேர்ந்து விழுந்து, எழுந்து, உதறிட்டுப் போயிடுச்சு."

அத்தான் பெரிய திரைச்சீலைக் கடை ஒன்றில் மேற்பார்வையாளர். டிரில் மெஷின் ஒன்று சொந்தமாக வைத்திருந்தார். அந்த மெஷின் வந்த நாளிலிருந்து குடும்பத்தில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஆணி, கடிகாரம், கண்ணாடி, எதுவானாலும் "மாப்பிள்ளை வரட்டும்" என்பாள் அம்மா. அவர் வருவார், ஓட்டை போடுவார், எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், டீ வரும்.

"நான் வண்டி பிடிச்சுப் போய்க்கறேன்" என்றாள் சின்னவள்.

"அவர் கார் இருக்கும்போது எதுக்கு? கொண்டுபோய் விடுவார்" என்றாள் அக்கா, பெரிய மனது பண்ணுகிறவள்போல.

கால்நடை மருத்துவமனையில் ஞாயிறு என்பதால் கூட்டம். ஒரு கிளி, மூன்று நாய், மேசைக்குப் பின்னால் குட்டைமுடி வைத்த டாக்டர் அம்மா. தொட்டுப் பார்த்தபடியே கேட்டார்: "எப்படி ஆச்சு?"

"அலமாரி மேல தாவி இழுத்துவிட்டுடுச்சு டாக்டர்" என்றார் அத்தான், அங்கேயும், கொஞ்சமும் கூசாமல்.

சின்னவளுக்கு அதுவரை தொண்டையில் நின்றது வாய்க்கு வந்துவிட்டது. "பொய்! அது தூங்கிட்டிருந்துச்சு. இவர் மாட்டின அலமாரி தானா விழுந்துச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம் அத்தான், உடைஞ்ச அலமாரியைப் பூனைக்குப் பின்னாடி மறைக்க முடியாது!"

அறையில் கிளிகூட வாயை மூடிக்கொண்டது. அத்தான் முகம் கறுத்தது. "நான் கார்ல இருக்கேன்" என்று வெளியே போனார்.

டாக்டர் அம்மா ஒன்றும் நடக்காததுபோல் வாலின் அடியில், உடம்போடு சேரும் இடத்தில், சாமணத்தால் கிள்ளினார். ஆபீசர் சீறித் திரும்பியது. "இது நல்ல சேதி. இங்க உணர்ச்சி இருக்கு. படம் எடுத்துப் பாத்துடலாம்."

படத்தில் இடுப்பு உடையவில்லை. வாலின் அடி விலகியிருந்தது. "வால் போனா போகட்டும்மா, வால் இல்லாம பூனை நல்லா வாழும். ஆனா அந்த இடத்துலதான் மூத்திரப்பைக்குப் போற நரம்பும் இருக்கு. அது நசுங்கியிருக்கு. தானா போகற வரைக்கும் நீங்கதான் அழுத்திப் போகவைக்கணும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. போகாம விட்டா உயிருக்கு ஆபத்து." அவள் கையைப் பிடித்து, வயிற்றுக்குள் எலுமிச்சம்பழம் மாதிரி உருளுவது எது, எவ்வளவு அழுத்தலாம் என்று காட்டிக்கொடுத்தார். அப்புறம், எழுதிக்கொண்டே கேட்டார்: "அந்த நாற்காலில வழக்கமா யார் உக்காருவாங்க?"

"எங்க அம்மா."

டாக்டர் அம்மா பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

அதே காரில் வீடு திரும்பினார்கள். இறங்கும் இடத்தில் அத்தான் கண்ணாடியை இறக்கி, "அடுத்த வாரம் வந்து பெரிய ஸ்க்ரூவா போட்டு மாட்டித் தரேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார். வீட்டில் காத்திருந்த அம்மா விஷயம் முழுக்கக் கேட்டு, கையை மேலே தூக்கிக் கும்பிட்டாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

"தலைக்கு வந்தது வாலோட போச்சு. உன் தலைக்கு வந்ததும்மா. அதோட வால் போச்சு."

"சரிடி, அதுக்காக மாப்பிள்ளையை நாலு பேர் முன்னாடி பேசலாமா? அவர் கார்லேர்ந்தே போன்ல சொல்லிட்டாராம், வீட்டுக்குப் போன பெரியவ கூப்பிட்டு அழறா."

சின்னவள் சுவருக்குப் போனாள். நாலு ஓட்டை. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள், பூச்சைத் தாண்டவில்லை. செங்கல்லை எட்டவே இல்லை. குப்பையிலிருந்து ஸ்க்ரூவைப் பொறுக்கினாள். பொம்மைக்குப் போடுகிற நீளம். ஒரு பல்லை ஈறில் நிறுத்தவே அவள் இதைவிட ஆழமாகக் குழி எடுப்பாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அலமாரி மாட்டிய அதே நாளில் அத்தான் இன்னொன்றும் மாட்டினார். போன வருடம் அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனது. குளியலறையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கைப்பிடி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வாரமாக அம்மா காலையும் மாலையும் அதைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறாள்.

சின்னவள் குளியலறைக்குப் போய், கைப்பிடியை ஒற்றைக் கையால் பிடித்து, ஒருவர் எழுந்திருக்க எவ்வளவு இழுப்பாரோ அவ்வளவு இழுத்தாள். முதல் இழுப்பில் முனகியது. இரண்டாவதில் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வெள்ளைப் பொடியோடு கையிலேயே வந்துவிட்டது.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துச் சின்னவள் அருகே போனாள்.

அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இத மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதடி. மனசு நொந்துபோயிடுவார்."

"உன் இடுப்பு நொந்தா பரவாயில்லையா?"

"அவர் ஆசையா செஞ்சது…"

"ஆசையா மாட்டினா சுவர் பிடிச்சுக்குமாம்மா?"

அம்மாவுக்கும் கோபம் வந்தது. மருமகன் என்றால் என்ன, மரியாதை என்றால் என்ன, வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத குறை என்ன என்று நீளமாக ஆரம்பித்தாள். சின்னவள் இரும்புக் கைப்பிடியைக் கையில் பிடித்தபடியே முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, ஆபீசருக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.

மறுநாள் லேப்புக்கு லீவு சொன்னாள். "பூனைக்கா லீவு?" என்று முதலாளி சிரித்தார். "ஆமா சார், பூனைக்குத்தான்" என்று வைத்துவிட்டாள்.

மதியம் அக்கா தனியாக வந்தாள். கையில் ஒரு பை ஆப்பிள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "அவர் ராத்திரி சாப்பிடல தெரியுமா? ஒரு பூனைக்காக இவ்வளவு பேச்சு தேவையா? ஒரு வார்த்தை சாரின்னு சொல்லிடு. முடிஞ்சுபோயிடும்."

சின்னவள் எழுந்து போய்க் கைப்பிடியைக் கொண்டுவந்து அக்காவின் மடியில், ஆப்பிள் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது அம்மா குளிக்கிற இடத்துல இருந்தது. ஒத்தைக் கையால இழுத்தேன்."

அக்கா அதைப் பார்த்தாள். சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே இருக்க வேண்டிய ஒன்று இல்லை. அதிர்ச்சி இல்லை.

"சரி, நான் ஆள் அனுப்பறேன்" என்றாள் அக்கா மெதுவாக. "கொத்தனார் ஒருத்தர் இருக்கார். அரை நாள்ல சரி பண்ணிடுவார். அவருக்குத் தெரியவேண்டாம்."

"யாருக்கு?"

"உங்க அத்தானுக்குத்தான்."

"உனக்கு எப்படிக் கொத்தனாரைத் தெரியும்?"

அக்கா ஆப்பிள் பையின் காதைத் திருகினாள். "எங்க வீட்டுக்கு வருவார்."

"எதுக்கு?"

இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மூத்த பிள்ளை பிறந்த புதிதில் அத்தான் மாட்டிய கடிகாரம் தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்ததாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அவர் எதை மாட்டினாலும், அவர் கடைக்குப் போனதும் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கழற்றி, ஒழுங்காகத் துளை போட்டு, அதே இடத்தில் மாட்டிவிடுவாளாம். அவருக்கு இன்றுவரை தெரியாது.

"எத்தனை வருஷமா?"

"பதினாலு வருஷமா."

சின்னவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். அத்தான்மேல் இருந்த கோபம் இதற்கு முன்னால் தூசி. அவருக்காவது தெரியாது. தெரியாமல் செய்தார். இவள் தெரிந்தே, மூன்று வாரத்துக்கு முன்னால் இதே கூடத்தில் நின்று, அண்ணாந்து பார்த்து, "நல்லா இருக்கில்லம்மா?" என்று கேட்டாள்.

"உன் பிள்ளைங்க தலைக்கு மேல கொத்தனார். அம்மா தலைக்கு மேல அத்தானா?"

"அப்படி நினைக்கலடி… இங்க ஆள் அனுப்பினா அம்மா காரணம் கேப்பாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ சும்மா இருக்கமாட்ட. எப்படியும் அவ்வளவு சீக்கிரம் விழாதுன்னு…"

"எவ்வளவு சீக்கிரம் விழும்னு உனக்குக் கணக்கு இருக்கா?"

"என் புருஷனை நான் எப்படிடி கேவலப்படுத்தறது? வீட்டுல அவருக்குன்னு இருக்கற பெருமை அது ஒண்ணுதான். கடையில எவ்வளவோ பேச்சு கேட்டுட்டு வரார்" என்று அக்கா அழ ஆரம்பித்தாள்.

வேறு நாளாக இருந்தால் அந்த அழுகை சின்னவளைக் கரைத்திருக்கும். அன்று அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "அவர் பெருமைக்கு ஆணி அடிக்க எங்க அம்மா தலைதான் கிடைச்சுதா? கேட்டுக்கோ. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீயே அவர்கிட்ட சொல்லணும். நீ சொல்லலேன்னா நான் கடைக்கு வருவேன். திரை எடுக்க வந்தவங்க எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுவேன்."

"இவ்வளவு கல்நெஞ்சா உனக்கு?"

"ஆமா."

அக்கா ஆப்பிளை வைத்துவிட்டுப் போனாள். அம்மா, அடுத்த அறையில் இருந்தவள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வெளியே வரவில்லை. மாலை டீக்குக் கூப்பிட்டபோது கண் சிவந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கொத்தனார் வந்தார். சுவரில் இருந்த ஓட்டைகளைப் பார்த்ததும், தெரிந்தவரைத் தெருவில் பார்த்ததுபோலச் சிரித்தார். "நம்ம சார் வேலையாச்சே இது!" பிறகு சின்னவளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை முழுங்கிக்கொண்டு, செங்கல்லுக்குள் ஆழமாகத் துளை போட்டு, ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளக் அடித்து, கைப்பிடியை முறுக்கினார். தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிக் காட்டினார். "இப்ப நீங்க தொங்குங்கம்மா" என்றார். சின்னவள் தொங்கினாள். அலமாரியை மாட்டவா என்று கேட்டதற்கு, வேண்டாம், தரையிலேயே நிற்கட்டும் என்றாள்.

அன்று மாலை, மடியில் ஆபீசரைக் கிடத்தி வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். சொல்லிவிட்டாளாம். அத்தான் முதலில் நம்பவில்லையாம். பிறகு எழுந்து ஒவ்வோர் அறையாகப் போய், ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டாராம். கண்ணாடியைத் தொட்டு, "இது?" "கொத்தனார்." திரைக் கம்பியைத் தொட்டு, "இது?" "கொத்தனார்." செருப்பு அலமாரி, கடிகாரம், பிள்ளைகளின் புத்தகத் தட்டு. கடைசியில் கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டுகிற ஒரு கொக்கியைத் தொட்டபோது, அக்காவுக்குத் தாங்காமல், "அது மட்டும் நீங்க" என்றாளாம். அதுவும் பொய்தானாம்.

சின்னவளுக்கு, ஒரு மனிதர் கொக்கியைத் தொட்டபடி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. பாவம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அலமாரிக்கு அடியில் யார் இருந்தார்கள் என்று அந்த மனிதர் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாரா?" என்றாள்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "கேப்பார்டி. டைம் கொடு."

புதன்கிழமை காலை அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து அம்மா கத்தினாள்: "அடியே, ஓடி வா! ஆபீசர் போயிடுச்சு!"

வாயில் நுரையோடு ஓடி வந்தாள். ஆபீசர் செய்தித்தாளின் மேல் குந்தி, உலகத்தையே மறந்து, பாதிக் கண்ணை மூடியிருந்தது. பத்திரிகை முதல் பக்கம் முழுக்க ஈரம்.

"போயிடுச்சுன்னா… மூத்திரம் போயிடுச்சுன்னு சொன்னேன்" என்றாள் அம்மா.

"உன்னையெல்லாம்…" என்று ஆரம்பித்த சின்னவள், நுரையோடு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். மூன்று நாளில் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

அடுத்த வாரம் டாக்டர் அம்மா வாலை எடுத்துவிட்டார். தையல் ஆறும்வரை ஆபீசர் தாவும்போதெல்லாம் கணக்குத் தப்பி விழுந்தது. பிறகு பழகிக்கொண்டது. அம்மா அவ்வப்போது, "மாப்பிள்ளை வரவே இல்லையே" என்பாள். "வரட்டும், யார் வேண்டாம்னாங்க? டீ குடுக்கலாம், நாற்காலி குடுக்கலாம். சுவரை மட்டும் குடுக்க முடியாது" என்பாள் சின்னவள்.

ஒன்றரை மாதம் கழித்து, அக்காவுக்குப் பின்னால் அத்தான் வந்தார். கையில் ஒன்றும் இல்லை. "இப்ப இடுப்பு எப்படி இருக்கு அத்தை?" என்று கேட்டார். அம்மாவுக்கு அதுவே போதும். உருகிப்போய்ச் சமையலறைக்கு ஓடினாள். சின்னவளுக்குப் போதவில்லை. சாரி என்று அவர் வாயிலிருந்து வரும் என்று டீ ஆறும்வரை காத்திருந்தாள். மழை வரும் போலிருக்கிறது என்றார். பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்றார். சாரி மட்டும் வரவில்லை.

கிளம்பும்போது ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஆபீசரைப் பார்த்து, "என்னடா, வாலைக் காணோம்?" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

ஆபீசர் காதை மடக்கிச் சீறி, ஒரே அடியில் அவர் புறங்கையில் மூன்று கோடு போட்டது.

"சீ கழுதை! மாப்பிள்ளைகிட்ட என்ன பழக்கம் இது?" என்று அம்மா பதறினாள். "நீயாவது அதட்டேன்டி!"

சின்னவள் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து அத்தானிடம் நீட்டினாள். பூனையை அதட்டவில்லை.